மானியம் யார் பைக்கு?

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் 1,80,000 ரூபாய் வரைக்கும் வட்டி மானியம் தருதாமே! நாங்க அட்வான்ஸ் கொடுத்துடலாமா?" என்றாள். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் காபியைக் கையில் கொடுத்து, எங்கள் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

2018-ல் புறநகரில் ஒரு புது அடுக்குமாடி வீட்டைப் பார்த்தோம். 24 லட்சம் என்றார்கள். சீட்டுப் பணம் கைக்கு வரட்டும் என்று திரும்பிவிட்டோம். அடுத்த வருடம் போனால், அதே வீடு 26 லட்சம்! "ஏன் இப்படி ஏத்திட்டீங்க?" என்று கேட்டேன். விற்பவர் சிரித்தார். "அதான் கவர்ன்மென்ட் 2,67,000 தருதே மேடம்!" எனக்குச் சுருக்கென்றது. நமக்கென்று கொடுப்பது இவர் பைக்கல்லவா போகிறது!

அவர் சொன்னது 2015-ல் வந்த பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தை. வருட வருமானம் 6 லட்சத்துக்குள், சொந்த வீடு இல்லாத குடும்பம் என்றால், கடனில் முதல் 6 லட்சத்துக்கு 6.5 சதவிகித வட்டி மானியம். அதை மொத்தமாகக் கணக்கிட்டு அசலில் கழித்துவிடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கான அந்த மானியம் 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது.

அந்த வீடே வேண்டாம் என்று, இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு பழைய வீட்டை 21 லட்சத்துக்கு முடித்தோம். விலை படியும்வரை மானியம் என்று நான் வாயே திறக்கவில்லை! 16 லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 14,400 ரூபாய். சில மாதம் கழித்து மானியம் வரவானதும் 12,000 ஆயிற்று. மிச்சமான 2,400 ரூபாயில் பால் கணக்கும் பள்ளி வேன் கட்டணமும் அடங்கின. பொய் சொல்லக்கூடாது, அது பெரிய உதவிதான்.

ஆனால் முதலில் வைக்க வேண்டிய 5 லட்சம்? பத்திரச் செலவு? அதற்கெல்லாம் மானியம் ஏது? சீட்டுப் பணம் போதாமல் என் இரட்டை வடச் சங்கிலியும் போயிற்று.

இதிலிருந்து நான் கண்டது: மானியத்தால் கடன் லேசாகிறது, வீடு மலிவாவதில்லை. முகூர்த்த நாளில் எல்லோர் கையிலும் பணம் இருந்து, பூ மட்டும் அதே அளவு வந்தால் மல்லிகை என்ன விலை விற்கும்? வீடும் அப்படித்தான். நம் வருமானத்துக்கேற்ற வீடுகள் நிறையக் கட்டினால்தான் விலை படியும்.

2024-ல் தொடங்கிய இப்போதைய திட்டத்தில் வருமான வரம்பு 9 லட்சம். வீடு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மானியமும் மொத்தமாக வராது. ஐந்து வருடத் தவணைகளாகத்தான் வரும். அதனால் மானியமே இல்லை என்று வைத்துக்கொண்டு உங்கள் மாத பட்ஜெட்டைப் போட்டுப் பாருங்கள். வட்டி கூடினால் தாங்குமா என்றும் பாருங்கள். அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம்.

இன்னொன்று. எங்கள் மானியத்துக்கு, வீட்டுப் பத்திரத்தில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிவு அலுவலகத்தில் அவர் பக்கத்தில் நின்று நானும் கையெழுத்துப் போட்டேன். சங்கிலி இல்லாத கழுத்தோடுதான் போட்டோவுக்கு நின்றேன். இருந்தாலும், சொத்து என்று ஒன்றில் என் பெயரைப் பார்த்தது அன்றுதான்!

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "அப்போ மானியத்தைப் பத்தி மூச்சு விடாம முதல்ல விலையைப் பேசிட்டு வரேன் அக்கா!"