கூட்டம் கலைந்த பின்

போர்ச்சுகல் நாட்டைக் காணச் செல்வோருள் பலர் சூலை, ஆகத்து மாதங்களையே தேர்கின்றனர். இலையுதிர்காலம் வரை காத்திருப்பதே நன்று என்பது என் கருத்து. கோடையில் செல்பவர் பெரிதும் காண்பது தம்மைப் போன்ற பயணிகளையே!

தலைநகர் லிசுபனின் பழம்பகுதி அல்ஃபாமா. அங்கு வீடுகள் பல பயணியர் தங்குமிடங்களாக மாறின, வாடகை உயர்ந்தது, நெடுங்காலம் வாழ்ந்தோர் வேறிடம் பெயர நேர்ந்தது. பருவம் மாறுவதால் இக்குறை நீங்கிவிடாது. எனினும், சில திங்களில் குவியும் நெரிசலையேனும் பிந்திச் செல்பவர் கூட்டாதிருக்கிறார்.

இதனால் அவர் இழப்பது குறைவு. நிலத்தைவிடக் கடல் மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும். ஆகவே தெற்கே அல்கார்வே கடற்கரையில், கோடைத் தொடக்கத்தைவிடச் செப்டம்பரில் நீர் இதமாக இருக்கும்.

பெறுவதோ மிகுதி. வடக்கே டோரோ ஆற்றின் இருகரை மலைச்சரிவுகளிலும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள் ஏறிச் செல்கின்றன. 1756ஆம் ஆண்டிலேயே எல்லை வகுக்கப்பட்ட திராட்சை நிலம் இது. 2001இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சரிவு செங்குத்தானது, ஆதலால் பல இடங்களில் இன்றும் கைகளே கொய்கின்றன. செப்டம்பரில் செல்பவர் அவ்வுழைப்பை நேரில் காண்பார். கொய்து முடிந்தபின் இலைகள் மஞ்சளும் செம்மையுமாக நிறம் மாற, மலை முழுதும் வேறொரு கோலம் கொள்ளும். பசுமையை மட்டும் கண்டு திரும்பியவர், அம்மலையைப் பாதியே கண்டவர்.

மழை வருமே எனலாம், வரும். அட்லாண்டிக் பெருங்கடலும் சீறும். ஆனால் அச்சீற்றமே நாசரே என்னும் ஊரின் காட்சி. 2020 அக்டோபரில் அங்கு 26 மீட்டருக்கும் மேல் எழுந்த அலைமீது ஒருவர் சறுக்கிச் சென்றார்.

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். தெருவோரங்களில் கஷ்கொட்டை சுடும் புகை எழும். (சுட்ட பலாக்கொட்டையைச் சுவைத்தவருக்கு அச்சுவை அயலன்று.) கூட்டம் குறைந்த அப்பருவத்தில் விற்பவருக்கும் நம்மோடு பேசப் பொழுதுண்டு. அப்பேச்சினிடையே ‘ஜனேலா’, ‘ஷாவி’, ‘அர்மாரியு’ என்னும் சொற்கள் செவியில் விழக்கூடும். நம் வீட்டுச் சன்னலும் சாவியும் அலமாரியும் அம்மொழியிலிருந்து கடல் கடந்து வந்தவையே.