காருக்கு நிழல், ஏட்டுக்குக் கரையான்

சென்ற ஆனி மாதம் இராசபாளையத்திலிருந்து எங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் அவ்வீட்டின் மருமகள். மாமனார் பஞ்சாலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். நாற்பதாண்டுக் காலம் சிற்றிதழ்களைச் சேர்த்தவர். காலமாகி இரண்டாண்டு ஆகியிருந்தது. "மாமா பொஸ்தகமெல்லாம் கார் செட்டுலதான் கெடக்கு. வேண்டியத எடுத்துக்கிடுங்க. மிச்சத்த எடைக்குப் போட்றலாம்னு இருக்கோம், அடுத்த வாரம் புது வண்டி வருது" என்றார்.

போனோம். ஷட்டரைத் தூக்கியதும் எங்களை எதிர்கொண்டவை ஒரு பழைய தொட்டில், துருப்பிடித்த தையல் எந்திரம், காலி பெயிண்ட் டப்பாக்கள், கொலுப்படிகள். அவற்றுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டித் தரையில் அடுக்கிய சாக்குமூட்டைகள். மேல்வரிசை மூட்டைகளில் 'தீபம்', 'கணையாழி', 'சுபமங்களா' இதழ்கள் பழுப்பேறி, ஆனாலும் படிக்கும்படி இருந்தன. கீழ்வரிசையைத் தூக்கியபோது சாக்கு மட்டுமே கையோடு வந்தது. உள்ளே இருந்தது மண். அம்மண்ணில் ஓரங்குல அட்டைத் துண்டு ஒன்று மிஞ்சியிருந்தது. 'எழுத்து' என்ற பெயரின் முதலெழுத்தை எங்களில் ஒருவர் அடையாளம் கண்டார். சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை கைப்பொருளை இழந்து நடத்திய இதழ் அது.

அந்த மருமகளை இங்கே குறை கூறப்போவதில்லை. அழைத்துச் சொன்னாரே, அதுவே பெரிது. எங்கள் சினமெல்லாம் இலக்கியக் கூட்டங்களில் ஆவணக் காப்பு குறித்து மேசையைத் தட்டிப் பேசும் நண்பர்கள் மீதுதான். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் கெட்டி அட்டைச் செம்பதிப்புகள். கார் செட்டில் சாக்குக்குள் சிற்றிதழ்கள். விருந்தினர் கண்ணில் படுவதற்கு ஒரு நூலகம், கரையான் கண்ணில் படுவதற்கு ஒரு நூலகம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

இப்போது வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் ஆசான்கள் பெருகிவிட்டார்கள். கார் செட்டைச் சீர்செய்ய அவர்கள் சொல்லும் விதி எளியது: ஓராண்டாகக் கைபடாத பொருள் எதுவோ அதைத் தூக்கி எறி. ஓட்டைக் குடத்துக்கு இவ்விதி பொருந்தும். ஏட்டுக்குப் பொருந்துமா? இராசபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. அவ்வூர்க் கோவிலில் பாண்டிய மன்னர் ஒருவருடைய சுவடிகள் இருந்தன என்றறிந்து தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையருக்கு என்ன கிடைத்தது என்பதை 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. பழுதுபட்டுக் குவிந்து கிடந்த ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே அவருக்குச் சொன்னார்கள். எரித்தவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களும் ஓர் ஒழுங்கைத்தான் பின்பற்றினார்கள். அன்றைய ஓமகுண்டத்தின் வேலையை இன்று பழைய பேப்பர்க் கடைத் தராசு செய்கிறது. நெய்ச் செலவு மிச்சம்.

இதே வட்டாரத்தின் மற்றொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் பொது நூலகம் 1875இல் தோன்றியது. சென்னையில் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது 1896இல். அதற்கு இருபத்தோராண்டு முன்பே பால்கோவாவுக்கும் கோபுரத்துக்கும் பேர்போன இச்சிற்றூரில் பொதுமக்கள் படிக்க ஒரு கூடம் இருந்தது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பூ.ச. குமாரசுவாமி ராஜா, இராசபாளையத்தில் தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் இத்தகைய இரண்டு முன்னோடிகள். ஒருவர் வீட்டையே கொடுத்த ஊரில் நாம் ஒரு சுவரைக் கூடக் கொடுக்க மாட்டோம் என்கிறோம்.

ஆம், நாங்கள் கேட்பது ஒரே ஒரு சுவர். காரைத் தெருவில் நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் இரதவீதிகளில் நடந்து பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார். ஆடிப்பூரத் தேருக்கே அங்கே வழி வேண்டும். (ஆண்டு முழுதும் தேருக்கு ஒரு நிலையை ஒதுக்கிவைக்கத் தெரிந்த ஊர் அது என்பதையும் நினைவூட்டுகிறோம்.) கணக்கைப் பாருங்கள். பத்தடி அகலம், பதினெட்டடி நீளமுள்ள செட்டில் ஐந்தரை அடி அகலக் கார் நிற்கிறது. மீதி நாலரை அடி. அதில் ஓரடி ஆழத்துக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்குகளை ஒரு பக்கச் சுவரோரம் பதினைந்தடி நீளத்துக்கு நிறுத்தினாலும் கதவைத் திறந்து இறங்க மூன்றரை அடி எஞ்சும். ஏழு தட்டு வைத்தால் நூற்றைந்து அடி நீளம். ஓரடிக்கு ஐம்பது மெல்லிய இதழ்கள் என்று குறைத்து மதிப்பிட்டாலும் ஐயாயிரத்துக்கு மேல் அடங்கும். ஒரு மனிதர் நாற்பதாண்டில் சேர்ப்பதற்கு அது போதும்.

எப்படி வைப்பது என்பதில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். ரேக் சுவரைத் தொடக்கூடாது. நாலு விரலாவது தள்ளி நிற்கட்டும். கரையான் மண்குழாய் கட்டிச் சுவர் வழியே ஏறும். இடைவெளி இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும், துடைத்தெடுக்கலாம். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொடங்கட்டும். ரேக்கின் கால்களைக் கிண்ணங்களில் நிறுத்தி வேப்பெண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு. நெகிழிப் பையில் இறுகக் கட்டாதீர்கள். ஈரக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு. பெட்ரோல் கேனையும் பெயிண்ட் டப்பாவையும் இதழ்களுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் இறக்கித் தூசி தட்டி, நிழலில் உலர்த்தி ஏற்ற வேண்டும். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பட்டியல்: இதழ்ப் பெயர், ஆண்டு, மாதம். பட்டியல் இல்லாத சேகரிப்பை வீட்டார் குப்பை என்று நினைத்தால் அது அவர்கள் பிழையன்று.

"இப்போது எல்லாமே பிடிஎஃப்பாக வந்துவிட்டதே" என்று ஒரு நண்பர் சிரித்தார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் செய்துவரும் பணியை நாங்களும் நன்றியோடு பயன்படுத்துகிறோம். ஆயினும் மின்வருடி காகிதத்தைத்தான் படம்பிடிக்கும். கரையான் மண்ணை அல்ல. எந்த மின்னூலகத்திலும் ஓர் இதழின் வரிசையில் இரண்டு மூன்று எண்கள் விடுபட்டிருப்பதைக் காண்கிறோமே, அவ்வெண்கள் யாரோ ஒருவர் வீட்டுக் கார் செட்டில் இருக்கின்றன, அல்லது இருந்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் சொந்த முயற்சியில் வீட்டில் சேர்த்து வைத்திருந்ததால்தான் அவர் 1992இல் மறைந்த பிறகு அச்சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க முடிந்தது. 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகம் உருவாக முடிந்தது. நிறுவனம் வந்தது பிறகு. முதலில் ஒரு தனிமனிதரும் அவர் வீட்டு அறைகளும் இருந்தன.

இன்னொரு நண்பர், 'புத்தகம் வாசகருக்கானது, பிணவறைக்கானது அன்று. படித்ததைப் பிறருக்குக் கொடுத்துவிடுவதே நேர்மை' என்று எங்களுக்கு எழுதினார். ஒப்புகிறோம். ஆனால் கொடுப்பதற்கும் முதலில் அது இதழாக இருக்க வேண்டும். அந்த ஆலைக் கணக்கர் யாருக்காவது கொடுத்திருக்கலாம்; கேட்க யாரும் வரவில்லை. அவ்வூரில் நாங்கள் எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறோம். பின்வரிசையில் அவரும் அமர்ந்திருந்திருக்கக் கூடும்.

எஞ்சிய பதினோரு மூட்டைகளும் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் நண்பர் ஒருவருடைய கார் செட்டில், மேற்சொன்ன முறையில் ஏற்றப்பட்டுவிட்டன. பட்டியல் பாதி முடிந்திருக்கிறது. 'எழுத்து' வரிசை ஏறக்குறைய முழுதும் போய்விட்டது; 'தீபம்' இதழில் நடுவில் சில ஆண்டுகள் இல்லை. இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சத்திரப்பட்டி வட்டார அன்பர்கள் தத்தம் வீட்டு ஷட்டரை இந்த அடைமழைக்கு முன் ஒருமுறை தூக்கிப் பார்த்து, அடிமூட்டையிலிருந்து தொடங்கி, என்ன இருக்கிறது என்று எங்களுக்கு எழுதவும்.