ஈ வேலி

மாட்டின் கொம்படியில் சின்ன வெடிப்பு, கன்றின் தொப்புளில் ஆறாத ஈரம், உண்ணி கடித்த இடத்தில் ஒரு துளி இரத்தம். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் "புழு வெச்சிருச்சு" என்பார்கள். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து விடுவது, சீத்தாப்பழ இலையை அரைத்து அப்புவது என்று நம் ஊர்களில் அதற்குக் கைவைத்தியமும் உண்டு. புண்ணில் நெளியும் புழுக்களில் பெரும்பாலானவை அழுகிய சதையைத் தின்பவை. உயிருள்ள சதையைக் குடைந்துகொண்டு உள்ளே இறங்குபவை சில வகைகள்தாம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்த வேலையைச் செய்யும் ஈக்கு அமெரிக்கக் கண்டத்தில் ஒரு பங்காளி இருக்கிறது. ஸ்க்ரூவார்ம் என்கிறார்கள், மரத்தில் திருகாணி இறங்குவதுபோலச் சதைக்குள் இறங்குவதால் அந்தப் பெயர். நாம் திருகுப்புழு என்று வைத்துக்கொள்வோம். அதன் அறிவியல் பெயரின் பின்பாதிக்கு 'மனிதரைத் தின்பது' என்று பொருள். மிகையில்லை, மனிதரின் புண்ணிலும் அது முட்டையிடும்.

இந்தப் புழுவை வடஅமெரிக்காவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் மனிதர்கள் அடியோடு விரட்டினார்கள். கால்நடைப் பூச்சிகளை ஒழித்த வரலாற்றில் அதற்கு இணையான வெற்றி வேறில்லை என்றே சொல்வேன். அந்த வெற்றி கண்ணெதிரே சரிந்தது. பனாமாவில் ஆண்டுக்குச் சராசரியாக 25 என்று இருந்த புழுப்புண் கணக்கு 2023இல் 6,500ஐத் தாண்டியது. அங்கிருந்து கோஸ்டா ரிகா, நிகரகுவா, ஹோண்டுராஸ், குவாத்தமாலா என்று வடக்கே ஏறி, 2024 நவம்பரில் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தைத் தொட்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்க எல்லைக்கு 110 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மாட்டில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே மெக்சிகோ மாடுகளுக்கு அமெரிக்கா கதவைச் சாத்திவிட்டது. "ஒழித்துவிட்டோம் என்றார்களே, என்ன ஆயிற்று?" என்ற கேள்வி இப்போது எழுகிறது. பூச்சியை ஒழிக்கவே முடியாது, அதற்குச் செலவிடுவதெல்லாம் ஆற்றில் கரைத்த புளி என்று சிலர் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஈயை விரட்டிய முறையில் பழுது இருந்ததற்கு இந்தச் சரிவு சாட்சியாகாது. திருட்டே நடக்காத ஊரில் காவல்காரனுக்கு எதற்கு இத்தனை சம்பளம் என்று யோசித்ததன் விளைவைத்தான் பார்க்கிறோம்.

முறை எவ்வளவு கெட்டியானது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெண் ஈ புண்ணின் ஓரத்தில் ஒரே தடவையில் 200 முதல் 300 முட்டை வரை இடும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழுக்கள் தலையை உள்ளே விட்டு ஐந்தாறு நாள் தின்னும், புண் பெரிதாகும், அந்த வாடைக்கு இன்னும் பல ஈக்கள் வந்து முட்டையிடும். கவனிப்பார் இல்லாத மாடு ஒன்றிரண்டு வாரத்தில் செத்துப்போகும். கொழுத்த புழு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகும். அமெரிக்க வேளாண் துறையில் இருந்த எட்வர்ட் நிப்லிங் 1930களில் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். ஆண் ஈ பல முறை இணைசேரும். பெண் ஈ ஆயுளில் ஒரே முறைதான். அந்த ஒரு முறை மலட்டு ஆணோடு சேர்ந்துவிட்டால் அவள் இடும் முட்டை அத்தனையும் கூமுட்டை. கதிர்வீச்சு பூச்சிகளின் பிறப்பு அணுக்களைக் கெடுக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. நிப்லிங்கின் சகா ரேமண்ட் புஷ்லண்ட் 1950களின் தொடக்கத்தில் கூட்டுப்புழுக்கள் மேல் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார். அவற்றிலிருந்து வந்த ஆண் ஈக்கள் பறந்தன, துணை தேடின, சேர்ந்தன. முட்டை மட்டும் பொரியவில்லை.

பூச்சிமருந்துக்கும் மலட்டு ஈக்கும் உள்ள வேறுபாடு கணக்கில் இருக்கிறது. மருந்து ஒவ்வொரு தடவையும் நூற்றுக்குத் தொண்ணூறைக் கொல்கிறது என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சிய பத்து காட்டுக்குள்ளும் ஓடைக்கரையிலும் கிடக்கும். அவற்றைத் தேடி அடிக்க முதல் தடவை ஆன அதே செலவு ஆகும். தப்பியவை மருந்துக்குப் பழகியும் போகும். மலட்டு ஈ வேறு மாதிரி. ஓர் இடத்தில் 10 லட்சம் காட்டு ஆண் ஈக்கள் இருக்கின்றன. நாம் 90 லட்சம் மலட்டு ஆண்களை விடுகிறோம். பத்துப் பெண்களில் ஒன்றுக்குத்தான் மெய்யான ஆண் வாய்க்கும். அடுத்த தலைமுறை ஒரு லட்சமாகக் குறையும். அப்போதும் அதே 90 லட்சத்தை விட்டால் ஒன்றுக்குத் தொண்ணூறு. தலைமுறை 1,100ஆகச் சுருங்கும். அதற்கடுத்த தடவை ஒன்றுகூடத் தேறாது. நிஜத்தில் ஈ பெருகும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆலையில் வளர்ந்த ஈ காட்டு ஈயைவிடச் சற்றுச் சோனியாகவும் இருக்கும். அதனால் தலைமுறைகள் சில கூடும், போக்கு மாறாது. ஈ குறையக் குறைய மருந்து வீணாகிறது, மலட்டு ஈக்கோ வலு ஏறுகிறது. காட்டில் ஒளிந்திருக்கும் கடைசிப் பெண் ஈயை எந்த அதிகாரியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆண் ஈ கண்டுபிடித்துவிடும்.

இந்தக் கணக்கு காகிதத்தோடு நிற்கவில்லை. ஃபுளோரிடாவை ஒட்டிய சானிபெல் தீவில் முதல் சோதனை செய்தார்கள். ஈ குறைந்தது, ஒழியவில்லை. கரை கூப்பிடு தூரத்தில் இருந்ததால் புது ஈக்கள் வந்தபடியே இருந்தன. 1954இல் வெனிசுலாக் கரையிலிருந்து 65 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குராசாவ் தீவுக்குப் போனார்கள். சில மாதங்களில் தீவு சுத்தமானது. 1959க்குள் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலும் ஈ இல்லை. பிறகு டெக்சாஸ் பக்கம் திரும்பியபோதுதான் உண்மையான சிக்கல் புரிந்தது. மெக்சிகோவுடன் அமெரிக்காவுக்கு உள்ள எல்லை 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஈக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. 1972இல் டெக்சாஸில் மட்டும் 90,000க்கும் அதிகமான புழுப்புண்கள். எல்லையில் நின்று தடுக்க முடியாது, எதிரியைத் தெற்கே தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்று அதே ஆண்டு மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1976இல் சியாபாஸின் துஸ்ட்லா குத்தியரஸ் நகரில் வாரத்துக்கு 50 கோடி மலட்டு ஈக்களை உண்டாக்கக்கூடிய ஆலை எழுந்தது. 1991இல் மெக்சிகோ சுத்தம். பின்னர் நாடு நாடாக இறங்கி 2006இல் பனாமாவுக்கு வந்து நின்றார்கள். பனாமாவின் மிக ஒடுங்கிய இடம் சுமார் 50 கிலோமீட்டர்தான். குடத்தின் கழுத்தைப் பிடிப்பதுபோல அந்த நாட்டின் தென்கோடியில், டாரியன் காட்டில், விமானத்திலிருந்து வாராவாரம் மலட்டு ஈக்களைத் தூவி வேலி கட்டினார்கள். வேலிக்கு ஆண்டுச் செலவு ஒன்றரைக் கோடி டாலர் அளவில். அதனால் அமெரிக்க மாட்டுப் பண்ணையாளர்கள் ஆண்டுதோறும் தவிர்த்த நட்டம் 80 கோடி டாலரை ஒட்டி என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

அந்த வேலி ஏன் அறுந்தது? டாரியன் பக்கம் காடு அழிந்து மேய்ச்சலும் விவசாயமும் புகுந்தன. ஈ மட்டும் பறந்து வந்தால் மெதுவாகத்தான் வரும். புண்ணோடு மாடு லாரியில் ஏறினால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிவிடும். மத்திய அமெரிக்காவில் மாட்டுக் கடத்தல் பெரிய தொழில். திருகுப்புழு போன பாதையை வரைபடத்தில் பார்த்தால் அது ஈ பறக்கும் பாதையைப்போல இல்லை, சாலையைப்போல இருக்கிறது. இதெல்லாம் நடக்கும்போது கையில் இருந்தது பனாமாவின் பகோரா ஆலை ஒன்றுதான். முழு மூச்சில் ஓடினாலும் வாரத்துக்கு 10 கோடி ஈ. துஸ்ட்லா ஆலையை 2010களின் தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். வேலி பனாமாவின் ஒடுங்கிய நிலத்தோடு சுருங்கிவிட்ட பிறகு 50 கோடி ஈ எதற்கு, ஆலையை மூடியது சிக்கனம்தானே என்பார்கள். சுருக்கியதை நானும் குறை சொல்லவில்லை. கைவசம் எதுவும் வைக்காமல் சுருக்கியதுதான் பிழை. 1988இல் லிபியாவில் இதே புழு தென்பட்டது. தென்னமெரிக்காவிலிருந்து வாங்கிய கால்நடைகளோடு கப்பலேறி வந்ததாகக் கருதப்படுகிறது. 1990இல் அங்கே 12,000க்கும் மேற்பட்ட கால்நடைகளில் புழுப்புண். ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. துஸ்ட்லாவில் உபரியாக உற்பத்தித் திறன் இருந்ததால் அங்கிருந்து விமானத்தில் திரிபோலிக்கு வாரத்துக்கு 4 கோடி வரை, மொத்தம் 130 கோடி ஈக்கள் போயின. 1991 ஏப்ரலுக்குப் பிறகு லிபியாவில் ஒரு புழுப்புண்கூட இல்லை. இத்தனைக்கும் அமெரிக்கப் போர் விமானங்கள் திரிபோலியில் குண்டு போட்டு ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. உபரி ஆலை சோம்பேறியாகக் கிடக்கிறது என்று கணக்குப்பிள்ளைக்குத் தோன்றலாம். லிபியாவைக் காப்பாற்றியது அந்தச் சோம்பல்தான்.

இரண்டாவது மறுப்பு மருந்தைப் பற்றியது. இப்போதுதான் ஐவர்மெக்டின், டோராமெக்டின் எல்லாம் வந்துவிட்டனவே, ஊசி போட்டுச் சமாளிக்கலாமே? ஒரு மாட்டுக்குச் சரி. ஆனால் ஊசி போடுவதற்கு முன் புண்ணைப் பார்க்க வேண்டும். ஒழிப்புக்கு முந்தைய டெக்சாஸில் வெயில் காலம் முழுக்கக் குதிரையேறி மாடு மாடாகப் பார்ப்பதே பண்ணையாளுக்கு வேலையாக இருந்தது. சூடு போடுவதையும் காயடிப்பதையும் குளிர்காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த ஆட்கள் இப்போது பண்ணைகளில் இல்லை. ஹோண்டுராஸில் ஐந்து மாடு வைத்திருப்பவருக்கு ஊசிக்குக் காசு ஏது என்பது இன்னொரு கேள்வி. மானுக்கு யார் ஊசி போடுவது? 2016இல் ஃபுளோரிடாவின் தீவுகளில் திருகுப்புழு தலைகாட்டியபோது, உலகில் வேறெங்கும் இல்லாத கீ மான்கள், ஆயிரத்தைத் தொடாத மந்தையில், 130க்கும் மேல் மடிந்தன. மலட்டு ஈக்களை விட்டுத்தான் அடுத்த ஆண்டு மீட்டார்கள்.

ஓர் உயிரினத்தை அழிக்க நாம் யார் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. மரபணுவைத் திருத்தி, அந்தத் திருத்தம் தலைமுறை தலைமுறையாகத் தானே பரவும்படி செய்து, பூமியிலிருந்தே ஓர் ஈயைத் துடைத்துவிடலாம் என்ற யோசனை இன்று ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. அதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒருமுறை விட்டால் திரும்ப அழைக்க வழியில்லை. பனாமா வேலி அந்த வகையைச் சேர்ந்ததில்லை. ஈ தென்னமெரிக்காவில் இன்னும் வாழ்கிறது. மலட்டு ஈ கொஞ்ச நாளில் செத்துப்போகிறது, தனக்குப் பின் எதையும் விட்டுவைப்பதில்லை. தூவுவதை நிறுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதுதான் அதன் பலவீனம், அதுவேதான் அதன் கண்ணியமும். 2011இல் மாட்டு வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவித்தபோது கண்ணீர் விட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது.

எல்லாப் பூச்சிக்கும் இந்த வைத்தியம் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆலையில் கோடிக்கணக்கில் வளர்க்க முடிய வேண்டும், விடுகின்ற பூச்சி தானே சேதம் செய்யாததாக இருக்க வேண்டும், காவலுக்கு ஒரு தீவோ ஒடுங்கிய நிலமோ வாய்க்க வேண்டும். சான்சிபாரின் உங்குஜா தீவில் செட்சி ஈயை 1997இல் ஒழித்ததற்குக் கடலும் ஒரு காரணம். வெட்டுக்கிளிக் கூட்டத்திடம் இது செல்லாது. நம் ஊர்ப் புழுப்புண் ஈ தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பரவிக் கிடக்கிறது. பிடிக்க ஒரு கழுத்து இல்லை. கற்பூர எண்ணெயும் கால்நடை மருத்துவரும்தான் நமக்கு. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பாழாக்கிய மாவுப்பூச்சிக்கு வேறு வழி கிடைத்தது: போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவியை 2010இல் வயல்களில் விட்டார்கள், மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவி சம்பளம் கேட்காத காவல்காரன். ஆனால் தனக்குச் சாப்பாடு வேண்டுமே, மாவுப்பூச்சியை முழுக்கத் தீர்க்காது. மாவுப்பூச்சி கொஞ்சம் இருந்தால் விவசாயி பொறுத்துக்கொள்வார். கன்றின் தொப்புளில் கொஞ்சம் திருகுப்புழு என்று ஒன்று கிடையாது. அங்கே சம்பளக் காவல் தவிர வழியில்லை, அந்தச் சம்பளமும் வாராவாரம் போயாக வேண்டும். குராசாவ் தீவு அதை முன்பே காட்டிவிட்டது: உலகிலேயே முதலில் சுத்தமான அந்தத் தீவில் 1970களில் ஈ மறுபடி குடியேறி, மறுபடி விரட்டவேண்டி வந்தது.

2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு டெக்சாஸின் எடின்பர்க் அருகே வாரத்துக்கு 30 கோடி மலட்டு ஈக்களை உண்டாக்கும் புதிய ஆலையை அறிவித்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 75 கோடி டாலர். பனாமா வேலியின் பழைய கணக்கில் பார்த்தால் அது 50 ஆண்டுச் செலவு.