ஒட்டுப்பட்டியால் தீருமா குருதிச்சோகை?

கையில் ஒட்டிக்கொண்டால் போதும், விற்றமின்களும் இரும்புச்சத்தும் தோல் வழியே இரத்தத்தில் சேர்ந்துவிடும், குளிசை விழுங்கத் தேவையில்லை. இப்படிச் சொல்லும் விளம்பரங்கள் முகநூலில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பும் பொதிகளிலும் இந்த ஒட்டுப்பட்டிகள் வருகின்றன. கண்டியில் வசிக்கும் என்னிடம், கர்ப்பிணியான மகளுக்கு இதைக் கொடுக்கலாமா என்று கலஹா பக்கத்துத் தோட்டத்துத் தாய் ஒருவர் கேட்டார். வன்னியில் வயிற்றில் செல் காயம்பட்ட உறவினர் ஒருவரும் தொலைபேசியில் இதையே கேட்டார். இருவருக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: இதை நம்பி கிளினிக் மருந்தை விட்டுவிடாதீர்கள்.

கேட்பவர்கள் மீது குறை இல்லை. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தியதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பாக, அப்போது கண்டி மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அரச மருந்தின் மீதான நம்பிக்கை இப்படித் தளர்ந்த இடத்தில்தான் விளம்பரம் நுழைகிறது. இரும்புக் குளிசையால் வரும் குமட்டலும் மலச்சிக்கலும் அதற்குத் துணைபோகின்றன.

தோல் எதை உள்ளே விடும்?

தோல் வழியே மருந்து கொடுப்பது ஏமாற்று வித்தை அல்ல. புகைப்பழக்கத்தை விடுவதற்கான நிக்கொட்டின் பட்டியும், கடும் வலிக்கான ஃபென்டனில் பட்டியும் உலகெங்கும் பயன்படுகின்றன. அவை வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. தோலின் மேற்படை வெளிப்பொருட்களைத் தடுப்பதற்காகவே அமைந்தது. மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 500 டால்டனுக்குக் குறைவாகவும், கொழுப்பில் கரையும் தன்மையோடும், மிகச் சிறிய அளவே போதுமானதாகவும் இருக்கும் பொருள்தான் அதைக் கடக்கும். நிக்கொட்டினின் நிறை 162 டால்டன். விற்றமின் பி12 இன் நிறையோ 1,355.

இரும்பின் சிக்கல் வேறு. அது மின்னேற்றம் கொண்ட அயனாக இருப்பதால் கொழுப்பான மேற்படையைக் கடப்பது மிகக் கடினம். தேவைப்படும் அளவும் பெரியது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும், 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சிறு பட்டி இதை ஈடுசெய்யும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. இரைப்பை மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடம் நடந்து 2019 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குளிசை எடுத்தவர்களைவிட பட்டி ஒட்டியவர்களிடமே சத்துக் குறைபாடு அதிகம் காணப்பட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாட்டின்படி, உணவுக் குறைநிரப்பி என்பது வாயால் உட்கொள்ளும் பொருள். தோலில் ஒட்டுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இழப்பு யாருக்கு?

ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இதே கண்டி மாவட்டத்தில்தான் உள்ளது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2016 இன் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறக் குழந்தைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாகக் காட்டியது. நாட்டின் சராசரி 17.3 வீதம். இந்தக் குறைபாட்டின் வேர் தாயின் கர்ப்பகாலத்திலேயே தொடங்கிவிடுகிறது. குருதிச்சோகை உள்ள தாய்க்குக் குறைமாதப் பிரசவமும் நிறைகுறைந்த குழந்தையும் ஏற்படும் ஆபத்து கூடுதல். பிரசவத்தில் இரத்தம் போனால் தாங்கும் வலுவும் அவளுக்குக் குறைவு. பட்டி ஒட்டியிருக்கிறோம் என்ற நிம்மதியில் இலவசக் குளிசையை அவள் நிறுத்திவிட்டால் அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காது.

போர்க் காயக்காரர்களின் நிலை இன்னும் நுணுக்கமானது. செல் காயத்தால் சிறுகுடலின் கடைப்பகுதியை வெட்டி அகற்றியவர்களுக்கு பி12 சரியாக உறிஞ்சப்படாது. "வயிறு உறிஞ்சாதவர்களுக்கு ஏற்றது" என்ற விளம்பரம் இவர்களைத்தான் இழுக்கும். இவர்களுக்கு வேண்டியது பி12 ஊசி, அல்லது மருத்துவர் குறிக்கும் உயர்ந்த அளவுக் குளிசை. பி12 குறைபாடு நீடித்தால் கால் விறைப்பு, நடைத் தள்ளாட்டம், மறதி என நரம்புகள் பாதிக்கப்படும். தாமதித்தால் அது முழுதாகச் சீராகாமலும் போகலாம். வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் தமது நோய்க் குறிப்புகளோடு சென்று, பி12 அளவைப் பரிசோதிக்கும்படி கேட்கவேண்டும்.

கையில் உள்ளதும் கேட்கவேண்டியதும்

குளிசை பலனளிக்காமல் போவதற்கு ஒரு காரணம் நம் கோப்பையிலேயே இருக்கிறது. உணவோடு குடிக்கும் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். மலையில் கொழுந்து பறிக்கும் பெண் சாப்பாட்டோடு குடிக்கும் சாயமே அவளது இரும்பை மறிக்கிறது. தேநீருக்கும் குளிசைக்கும் இடையில் ஒன்று, இரண்டு மணித்தியாலம் விடுங்கள். கல்சியக் குளிசையை வேறு நேரத்தில் எடுங்கள். தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா உறிஞ்சலைக் கூட்டும். குமட்டினால் குளிசையை நிறுத்தாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தர முடியும்.

இந்த அறிவுரை தாய்க்கு விளங்கும் மொழியில் கிடைக்கவேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரியாத பெண்ணின் கையில் சிங்களத் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு, "அவர்கள் மருந்து எடுப்பதில்லை" என்று பழி சொல்வது நியாயமல்ல. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், அங்கே போரிலும் அகப்பட்ட குடும்பங்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல.

1973 இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டம் நாட்டின் நல்ல ஏற்பாடுகளில் ஒன்று. 2022 நெருக்கடியில் சோளத் தட்டுப்பாட்டாலும், சோளத்தில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சை நச்சு குறித்த சிக்கலாலும் சிறு குழந்தைகளுக்கான திரிபோஷா தடைப்பட்டது. அப்படி ஒரு தடை இனி வராமல் பார்ப்பது அரசின் கடமை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, நோய் தீர்ப்பதாகச் சொல்லி இணையத்தில் விற்கப்படும் பட்டிகளைக் கவனிக்கவேண்டும்.

2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. தோட்டச் சம்பளத்துக்குள் முட்டைக்கும் பருப்புக்கும் கருவாட்டுக்கும் வழி தேடும் குடும்பத்திடம், ஆதாரமில்லாத பட்டிக்கும் காசு கேட்பது கொடுமை. புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டி அனுப்பும் பணத்தை உணவுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். அது உடம்பில் சேரும்.