அறுந்த தந்தியும் அதட்டப்படும் பிள்ளையும்

பிள்ளைகள் வாசிக்கும் மின்கித்தாரில் தந்தி அறுந்துவிட்டால் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் முதலில் எழும் கேள்வி, "யார் அறுத்தது?" என்பதாகவே இருக்கிறது. அடுத்து, "போன மாதம்தானே வாங்கிக் கொடுத்தோம்", "முரட்டுக் கை", "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று பேச்சு நீளும். சில வீடுகளில் தந்தி அறுவது அபசகுனம் என்று பாட்டி ஒருவர் சொல்லி வைப்பார். இத்தகைய அதட்டல்களில் பெரும்பாலானவை நியாயமற்றவை என்பதே நான் இங்கு முன்வைக்க விரும்பும் கருத்து. தந்தி அறுவதற்குத் திட்டவட்டமான காரணங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி பெரியவர்களாகிய நம் பொறுப்பில் உள்ளவை. எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்கத் தெரிந்தால் காரணத்தையும் கண்டுகொள்ளலாம்.

இதைப் பெரிதுபடுத்துவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கித்தார் பழகத் தொடங்கும் பிள்ளை முதல் சில மாதங்களில் விரல்நுனி வலியோடு போராடிக் கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் தந்தி அறுந்து, திட்டும் வாங்கி, மாற்றுத் தந்தி வாங்கித் தரவும் ஆளில்லை என்றால் கித்தார் அலமாரியின் பின்னால் போய்விடும். பிறகு அது வெளியே வருவது வீடு மாறும்போதுதான். ஆறாம் ஆண்டுத் தேர்ச்சிக்குப் பரிசாகவோ, ஆண்டிறுதி விடுமுறையிலோ, அண்ணனிடமிருந்து கைமாறியோ வந்த கருவி இப்படி முடங்கிப் போவதை ஆசிரியர்கள் பலரும் கண்டிருப்பார்கள். "அது நம்முடைய கருவியா?" என்று முகம் சுளிப்போருக்கும் ஒரு சொல். 1960களின் இறுதியில் பினாங்கில் தோன்றி, மலாய்ப் பாடல்களால் நாடறிந்த அலிகேட்ஸ் குழுவை முன்னின்று நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் சகோதரர்கள். இது நிற்க.

மின்கித்தாரின் தந்தி என்பது என்ன? மெல்லிய மூன்று தந்திகள் பெரும்பாலும் வெள்ளீயப் பூச்சுக் கொண்ட வெறும் எஃகுக் கம்பிகள். தடித்த மூன்றும் எஃகுக் கம்பியின் மேல் நிக்கல் பூச்சுக் கம்பி சுற்றியவை. தொடக்க நிலையினர் கையில் காணப்படும் கருவிகளில் பெரும்பாலானவை ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தைப் பின்பற்றியவை. அவற்றில் தந்தியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். முதல் தந்தியின் விட்டம் பெரும்பாலும் 0.009 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர். முடியைவிட மூன்று மடங்கு பருமன் இருந்தால் அதிகம். சுருதி சேர்த்த நிலையில் அந்தக் கம்பி ஏறத்தாழ 6 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற இழுவிசையைத் தாங்கி நிற்கிறது. ஆறு தந்திகளும் சேர்ந்தால் 40 கிலோ அளவுக்கு வரும். பிள்ளை தொடாமல் சுவரில் மாட்டி வைத்திருக்கும்போதும் இந்த இழுவிசை இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே கம்பியில் ஒரு சிறு கீறலோ துருப்புள்ளியோ ஏற்பட்டால், அந்த இடம் பலவீனமாகி ஒருநாள் விட்டுக்கொடுக்கிறது. அன்று யார் கையில் கித்தார் இருந்ததோ அவர் மாட்டிக்கொள்கிறார்.

கருவியின் உறுப்புகளுக்கு வீணைக்காரர்கள் வழங்கும் சொற்களையே இங்கு எடுத்தாள்கிறேன். தந்தியைத் தாங்கும் அடிப்பகுதி குதிரை. விரல் வைக்கும் இடத்தில் உள்ள உலோகக் குறுக்குக் கம்பிகள் மெட்டுகள். சுருதி ஏற்றித் தாழ்த்துவது முறுக்காணி. கடைக்குச் சென்றால் பிரிட்ஜ், ஃபிரெட், டியூனிங் பெக் என்று கேளுங்கள்.

அறுந்த முனை குதிரையின் பக்கம் இருந்தால், அதாவது வலக்கை மீட்டும் பக்கத்தின் கடைசியில் இருந்தால், கருவியைத்தான் ஐயுற வேண்டும். மிகுதியும் அறுவது இவ்விடத்தில்தான். குதிரையின் மேல் ஒவ்வொரு தந்திக்கும் சேடல் என்னும் சிறு உலோகத் துண்டு இருக்கிறது. தந்தி அதன்மேல் வளைந்து இறங்குகிறது. விலை மலிந்த கருவிகளில் அந்த உலோகத்தின் விளிம்பு சரிவர வழவழப்பாக்கப்படாமல் கூராக இருக்கும். ஒவ்வொரு மீட்டலிலும் தந்தி அவ்விளிம்பில் உரசி உரசி அறுபடுகிறது. ஒரே தந்தி, ஒரே இடத்தில், இரண்டாம் முறையும் அறுந்தால் ஐயமே வேண்டாம். தந்தியைக் கழற்றிவிட்டு அந்த விளிம்பில் ஒரு பருத்தி நூலை இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் கூர் இருக்கிறது. 600 அல்லது அதற்கும் மெல்லிய எண்ணுள்ள மணல்தாளைச் சிறு சுருளாக்கி நாலைந்து முறை தேய்த்தால் போதும். பள்ளம் ஆழமாகும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம். தேய்த்த பின் பென்சில் கரியைச் சிறிது பூசிவிட்டால் தந்தி தடையின்றி நகரும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் மாதம் ஒருமுறை பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

சுருதி சேர்க்கும்போதே "பட்" என்று அறுந்ததா? தொடக்க நிலையினருக்கே உரிய சிக்கல் இது. இரண்டு விதமாக நேர்கிறது. ஒன்று, ஒரு தந்தியை மீட்டிக்கொண்டு வேறொரு தந்தியின் முறுக்காணியைத் திருகுவது. ஓசை மாறவில்லையே என்று பிள்ளை மேலும் மேலும் திருகும். ஓசை மாறாத காரணம், திருகப்படுவது பக்கத்துத் தந்தி என்பதே. மற்றொன்று, சுருதிமானியை நம்பிக் கெடுவது. கித்தாரின் தலையில் கவ்வி நிற்கும் சிறு சுருதிமானிகளும் கைப்பேசிச் செயலிகளும் பெரும்பாலும் சுரத்தின் எழுத்தை மட்டுமே காட்டுகின்றன. கித்தாரின் முதல் தந்தியும் ஈ, ஆறாம் தந்தியும் ஈ. முதலாவது நொடிக்கு ஏறத்தாழ 330 அதிர்வு, ஆறாவது 82. இடையில் இரண்டு ஸ்தாயி இடைவெளி இருக்க, மானியோ இரண்டுக்கும் ஒரே எழுத்தைத்தான் காட்டும். முதல் தந்தி சரியான சுருதியைத் தாண்டிவிட்டது என்று அறியாமல், அடுத்த ஈ வரும்வரை ஏற்ற முயன்றால் என்ன ஆகும்? ஒரு ஸ்தாயி மேலே ஏற்ற நான்கு மடங்கு இழுவிசை தேவை. எந்தப் புதுத் தந்தியும் அந்த உயரத்தை எட்டாது. பாதி வழியிலேயே அறும்.

இதற்கு மருந்து காதுப் பயிற்சி. மானியைத் தொடுமுன், சரியாகச் சுருதி சேர்ந்த தந்தியின் ஓசையைப் பலமுறை கேட்கச் செய்ய வேண்டும். தாழ்வாக வைத்து, அங்கிருந்து மெல்ல மெல்ல ஏற்றும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்த வேண்டும். தம்புராவின் முன் அமர்த்திச் சுருதி கேட்க வைத்த பின்னரே பாடத் தொடங்கும் மரபு நமக்கு உண்டு. கித்தார் வகுப்புகளில் அந்தப் பொறுமை குறைந்து வருகிறது. கட்டணம் கட்டிய பெற்றோரும் இரண்டாம் வாரத்திலேயே ஒரு பாட்டைக் கேட்க விரும்புகிறார்கள். பயிற்றுநரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

முறுக்காணியை ஒட்டி அறுந்திருந்தால் தந்தியைச் சுற்றிய விதம் பிழை. மெல்லிய தந்திக்கு இரண்டு மூன்று சுற்று போதும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், கீழ்நோக்கி ஒழுங்காகச் சுற்ற வேண்டும். கம்பி கூராக மடங்கிய இடம் எளிதில் ஒடியும். குறட்டினால் மடித்து இறுக்குவோருக்கு இது அடிக்கடி நேரும்.

நடுப்பகுதியில், மெட்டுகளின் மேல் அறுந்திருந்தால் பெரும்பாலும் துரு. நம் நாட்டுத் தட்பவெப்பத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று; போதாக்குறைக்கு வியர்வை. வியர்வையில் உள்ள உப்பு எஃகை அரிக்கிறது. பள்ளி முடிந்து, பந்து விளையாடி, அப்படியே வந்து கித்தாரை எடுக்கும் பிள்ளையின் கையில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வாசிக்குமுன் கை கழுவித் துடைப்பதும், வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைப்பதும் தந்தியின் ஆயுளைக் கணிசமாக நீட்டிக்கும். அப்பாவின் பழைய பனியன் துணியே போதும். கித்தாரைச் சன்னல் ஓரத்திலோ, குளியலறைச் சுவருக்கு அருகிலோ வைக்க வேண்டாம். உறைக்குள் வைப்பதாயின், காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் போட்டு வையுங்கள். அவை ஈரம் உறிஞ்சித் தீர்ந்துபோகும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும். சிறு குழந்தைகள் கையில் படாமலும் பார்த்துக்கொள்க.

இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். புதுக் கித்தார் என்றால் அதிலுள்ள தந்தியும் புதிது என்று பொருளன்று. தொழிற்சாலையில் பூட்டிய தந்தி கப்பலிலும் கிடங்கிலும் கடையிலும் பல மாதங்கள் கிடந்துதான் நம் கைக்கு வருகிறது. இரண்டாங்கைக் கருவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விரலை வைத்துத் தடவினால் சொரசொரப்பாக இருந்தால், வாங்கிய அன்றே ஆறு தந்திகளையும் மாற்றிவிடுவது நல்லது. கித்தாருக்கு நூற்றுக்கணக்கில் ரிங்கிட் செலவிடும் நாம், அதனோடு இரண்டு தொகுதித் தந்தி வாங்கத் தயங்குவது எனக்கு விளங்காத ஒன்று. துருப் பிடிக்காமலிருக்க மேற்பூச்சிட்ட தந்திகளும் கிடைக்கின்றன. விலை கூடுதல், ஆனால், வியர்க்கும் கைகளுக்கு அவை ஏற்றவை.

"தடித்த தந்தி போட்டால் அறாது" என்று கடைகளில் கூறுவது வழக்கம். இது பாதி உண்மை. தடித்த தந்தியை அதே சுருதிக்குக் கொண்டுவர இழுவிசையும் அதற்கேற்பக் கூடுகிறது, 0.010 அங்குலத் தந்தி 7 கிலோவைத் தாண்டும். ஆகவே கம்பியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் பாரத்தில் மாற்றம் இல்லை. கீறலையும் உரசலையும் பிக் என்னும் மீட்டுவில்லையின் அடியையும் தடித்த தந்தி சற்று அதிகம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவே. பத்து வயதுப் பிள்ளையின் விரலுக்கோ அது கூடுதல் வலி. கை வன்மையாக விழுகிறது என்றால் மெல்லிய மீட்டுவில்லையைக் கொடுத்துப் பாருங்கள்; ஒலிபெருக்கியின் ஒலியளவையும் சற்றுக் கூட்டி வையுங்கள். மின்கித்தாரில் உரத்த ஓசை தருவது ஒலிபெருக்கிதான். தன் ஓசை தனக்கே கேட்காத பிள்ளைதான் ஓங்கி அடிக்கிறது. அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று ஒலியளவைக் குறைத்துவிடும் நமக்கும் அதில் பங்கு உண்டு.

தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வளைப்பதைக் கண்டு சில பெற்றோர் பதறுகிறார்கள். வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்புவதும் இதே செயல்தான். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினிலும், பிரசன்னா மின்கித்தாரிலும் கருநாடக இசையின் கமகங்களைக் கொண்டுவந்ததை நாம் கேட்டிருக்கிறோம். நல்ல நிலையிலுள்ள தந்தி இதைத் தாங்கும். துருப்பிடித்த தந்தி தாங்காது. குதிரையோடு பொருத்தப்பட்ட ஆட்டுக்கைப்பிடியை மட்டும் தொடக்க மாதங்களில் கழற்றி வைத்துவிடலாம். விளையாட்டுப் பொருளாக அதை ஆட்டுவதால் தந்தி சேடலில் முன்னும் பின்னும் தேய்கிறது.

பயிற்றுநர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதற்பாட்டைக் கற்பிக்குமுன் தந்தி மாற்றக் கற்பியுங்கள். தன் கையால் ஒரு முறை தந்தி பூட்டிய பிள்ளைக்கு அது அறுவது பேரிடராகத் தோன்றாது. எழுதுகோல் முனை ஒடிந்தால் சீவிக்கொள்வதைப் போன்ற செயலாகிவிடும். ஆனால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். முறுக்கேறிய தந்தியை ஒருபோதும் வெட்டலாகாது. முழுவதும் தளர்த்திய பின்னரே குறட்டை வைக்க வேண்டும். சுருதி ஏற்றும்போது முகத்தைத் தந்திக்கு நேரே வைக்காமல் விலக்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடி அணிந்தால் இன்னும் நன்று. அறுந்து தெறிக்கும் எஃகு முனை கண்ணில் பட்டால் விளைவு கொடிது. வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாமல் ஒரு பழைய புட்டியில் போட்டு மூடிவிடுங்கள். வீட்டில் வெறுங்காலோடு நடப்பவர்கள் நாம்.

பள்ளிகளின் நிலையையும் சொல்லியாக வேண்டும். நன்கொடையாகக் கிடைத்த கித்தார்கள் சில பள்ளிகளின் இசை அறையிலோ பொருள் அறையிலோ ஐந்து தந்தியோடும் நான்கு தந்தியோடும் கிடக்கின்றன. புறப்பாட நடவடிக்கைக்குக் கருவி வாங்க ஆள் கிடைக்கிறார். படம் எடுத்துக்கொள்ளவும் வருகிறார். அதன் பராமரிப்புக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொல்வோர் குறைவு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை இவற்றை மட்டும் வாங்கித் தந்தாலும் பெரும் உதவி: கருவிக்கு இரண்டு தொகுதித் தந்தி, தனியாக முதல் தந்திகள் மட்டும் அரை டசன் (அதிகம் அறுவது அதுதான், தனியாகவும் விற்கிறார்கள்), ஒரு வெட்டுக்குறடு, முறுக்காணி திருப்பும் பிளாஸ்டிக் கைப்பிடி ஒன்று, சில பருத்தித் துணிகள். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடும். அந்த டின் பூட்டிய அலமாரிக்குள் போய்விடாமல், பிள்ளைகள் கேட்டவுடன் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில், எந்தத் தந்தி எந்த நாளில் எவ்விடத்தில் அறுந்தது என்று பிள்ளைகளையே குறித்துவரச் சொல்லுங்கள். ஒரே கித்தாரின் பெயர் மூன்று முறை வந்தால் மணல்தாளை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.