நமது உடம்பும் நமது உடையும்

துணிக்கடையில் நடக்கும் இக்காரியத்தைப் பலரும் பார்த்திருக்கலாம். ஒரு பெண் மஞ்சள் சேலையொன்றை ஆசையோடு எடுத்துத் தோளில் வைத்துப் பார்க்கிறாள். மறு நிமிஷமே, "என் கறுப்புக்கு இது எடுக்காது" என்று தானே சொல்லிக் கொண்டு கீழே வைத்து விடுகிறாள். கடைக்காரன் அப்படிச் சொல்லவில்லை, துணியும் சொல்லவில்லை. அப்படியானால் அந்த வார்த்தையை அவள் வாயில் வைத்தவர் யார் என்பதே நாம் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

தன் உடம்பைக் குறித்துத் தானே வெட்கப்படுவது பிறவிக் குணமென்று சிலர் கருதுகிறார்கள். குழந்தைகளிடம் அக்குணம் உண்டா? கறுத்த குழந்தையும் சரி, தடித்த குழந்தையும் சரி, கண்ணாடியைக் கண்டால் சிரிக்கிறதே தவிர, முகத்தைத் திருப்பிக் கொள்வதில்லை. ஆகவே, அவ்வெட்கம் பின்னால் கற்பிக்கப்பட்டதே ஒழிய வேறல்ல. நம் நாட்டிலோ அதை வாயால் மட்டுமல்ல, உத்தரவாலும் தடியாலும் கற்பித்திருக்கிறார்கள்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நாடார் முதலிய வகுப்புப் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணியக் கூடாது என்றிருந்தது. 1829-ல் அரசாங்கமே அதை உத்தரவாகப் பிறப்பித்தது. மீறி அணிந்தவர்களின் சீலைகள் பொது இடங்களில் கிழித்தெறியப்பட்டன. அவர்கள் சும்மா இருந்து விடவில்லை. பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 1859 ஜூலை 26-ல் ஒரு பிரகடனம் வந்தது. அது சொன்னதென்ன? மார்பை மறைத்துக் கொள்ளலாமாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தக் கூடாதாம்! மானத்தைப் பற்றிய கவலையாயிருந்தால் எவ்விதம் உடுத்தினால்தான் என்ன? கண்டவுடன் சாதி தெரிய வேண்டும் என்பதல்லவா அவர்கள் கவலை?

இது பழங்கதையென்று தள்ளி விடுவதற்கில்லை. 1930 டிசம்பரில் நமது இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் மீது விதிக்கப்பட்ட தடைகளைப் பாருங்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. தலைமயிரை வெட்டிக் கொள்ளக் கூடாது. குடையும் செருப்பும் ஆகாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது.

"உடையில் என்ன இருக்கிறது? அறிவல்லவா முக்கியம்?" என்று கேட்கும் கனவான்களை நாம் திருப்பிக் கேட்கிறோம். உடையில் ஒன்றுமில்லையென்றால், அதைத் தடுப்பதற்கு இவ்வளவு பாடு ஏன் பட்டார்கள்? நிமிர்ந்து நடப்பவனை அடக்குவது கஷ்டம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது நம்மவர்களுக்கும் தெரிந்த போதுதான், 1915-ல் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் புலையர் பெண்கள் தங்கள் கழுத்திலிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அங்கே போட்டுக் கொண்டது ஒன்றுமில்லை, எறிந்ததுதான் உண்டு. அதனாலேயே அவர்கள் தலை நிமிர்ந்தது.

இன்று அந்த உத்தரவுகள் இல்லை. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்லுகிறது. ஆனால் வெளியே தடியோடு நின்ற காவற்காரன் இப்போது நம் மனதிற்குள் வந்து உட்கார்ந்து கொண்டான். கறுப்புக்கு மஞ்சள் ஆகாது, தடித்தவளுக்குக் கட்டம் போட்டது ஆகாது, வயதானவனுக்குச் சிவப்புச் சட்டை ஆகாது, புருஷனை இழந்தவளுக்கு நிறமே ஆகாது என்று அவன் இன்னும் சொல்லிக் கொண்டுதானிருக்கிறான். வியாபாரிகளும் அவனோடு கூட்டுச் சேர்ந்து கொண்டார்கள். சிவப்பாக்குவதாகச் சொல்லிக் களிம்பு விற்ற ஒரு பெரிய கம்பெனி 2020-ல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து அந்த நிறத்தைக் குறிக்கும் வார்த்தையை எடுத்து விட்டது. பெயரிலிருந்து அவர்கள் எடுத்தார்கள். மனதிலிருந்து எடுக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

இதனால் கடன் வாங்கிப் பட்டு உடுத்துங்கள் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பிறர் மெச்சுவதற்காக உடுத்துவதும், பிறருக்கு அஞ்சி உடுத்தாமலிருப்பதும் ஒன்றுதான். இரண்டிலும் எஜமான் பிறனே. சேலை கட்டுவதா, சட்டை போடுவதா என்பதும் விஷயமல்ல. நம் வேலைக்குச் சௌகரியமானதை, நம் உடம்புக்கு அளவானதை, நம் கண்ணுக்குப் பிடித்ததை நாமே தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே விஷயம். உடம்புக்குத் தக்கபடி துணியை வெட்டுவதுதான் தையற்காரன் வேலை. துணிக்குத் தக்கபடி உடம்பைக் குறை சொல்வது யாருடைய வேலையுமல்ல.

ஆகவே, தோழர்களே! அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது "எனக்கு எடுக்குமா?" என்று கேட்காதீர்கள். "எனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேளுங்கள். வீட்டிலுள்ள பெண்களையும் அப்படியே கேட்க விடுங்கள். விதவையான தாயோ தமக்கையோ நிறச் சேலை ஒன்றைக் கையில் எடுத்தால், ஊர் என்ன சொல்லுமோ என்று ஊருக்கு முந்திக் கொண்டு நீங்கள் சொல்லாமலிருந்தால் போதும். அந்த மஞ்சள் சேலை கடையிலேயேதான் இருக்கிறது. அதை எடுத்து உடுத்திக் கொள்ள ஒருவர் உத்தரவும் வேண்டியதில்லை.