பத்து ஒயின், ஒன்பது நாக்கு

1976 மே 24. பாரிஸ் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் ஒயின் ருசி பார்க்கும் போட்டி முடிந்து ரிசல்ட் வாசித்தார்கள். உடனே நடுவர்களில் ஒருவரான ஓடெத் கான், தான் மார்க் போட்ட தாளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். பிரான்ஸின் பெயர்பெற்ற ஒயின் பத்திரிகை ஒன்றின் ஆசிரியை அவர். தாள் கிடைக்கவில்லை.

தான் போட்ட மார்க்கையே மறைக்க நினைக்கும் அளவுக்கு அந்த அறையில் அப்படி என்ன நடந்தது?

போட்டியை நடத்தியவர் ஸ்டீவன் ஸ்பரியர். இங்கிலாந்துக்காரர், கடை வைத்திருந்ததோ பாரிஸில். பிரெஞ்சுக்காரர்களுக்கே ஒயின் விற்ற ஆங்கிலேயர் என்றால் ஆளுக்குத் தைரியம் கொஞ்சம் அதிகம்தான். கலிபோர்னியாவிலும் நல்ல ஒயின் தயாராகிறது என்பதைப் பிரெஞ்சு நிபுணர்களுக்குக் காட்ட நினைத்தார். அமெரிக்கா ஜெயிக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

முதல் சுற்று வெள்ளை ஒயின். அதில் கலிபோர்னியாவின் மான்டெலினா முதலிடம் பிடித்தது. அந்த அதிர்ச்சியோடுதான் நடுவர்கள் சிவப்புக்கு வந்தார்கள். கலிபோர்னியாவிலிருந்து ஆறு, பிரான்ஸின் போர்தோ பகுதியிலிருந்து நான்கு, ஆகப் பத்து ஒயின்கள். எது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாதபடி ஊற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு மார்க்.

இது கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். கேபர்னே சாவிஞோன் திராட்சை சின்னதாக, தடித்த தோலோடு இருக்கும். தோலிலும் விதையிலும் டானின் என்கிற துவர்ப்புச் சத்து அதிகம். நாவல்பழம் தின்றபின் நாக்கு வறண்டு, வாய் இழுத்துக்கொள்ளுமே, அதே சங்கதிதான். டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் வழவழப்பு போய்விடுகிறது. இளம் சிவப்பு ஒயினில் இந்தத் துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும். பாட்டிலில் வருடக்கணக்கில் கிடந்தால்தான் டானின் ஒன்றோடொன்று சேர்ந்து, கொஞ்சம் வண்டலாகவும் இறங்கி, ஒயின் மிருதுவாகும்.

இதில் ஒரு சிக்கல். துவர்ப்பு ஒரு மிடறோடு போய்விடாது. அடுத்தடுத்த மிடறுகளில் ஏறிக்கொண்டே போகும். நான்காவது கிளாஸுக்கு வரும்போது நாக்கு ஏற்கெனவே களைத்திருக்கும். அதனால்தான் இடையிடையே தண்ணீர், ரொட்டி. விழுங்குவதும் கிடையாது, வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். ஒயின் நிபுணர் என்றால் நிறையக் குடிப்பவர் என்று நினைத்தால் தப்பு, நிறையத் துப்புகிறவர்!

சரி, அந்த முரட்டுத் துவர்ப்புக்குப் பின்னால் நல்ல பழச்சுவை இருக்கிறதா, புளிப்பு அளவோடு இருக்கிறதா, ஓக் பீப்பாயின் வாசனை மற்றதை அமுக்கிவிட்டதா, தொண்டைக்குக் கீழே போனபிறகும் ருசி நிற்கிறதா? இதையெல்லாம் வைத்துத்தான் இந்த ஒயின் நாளைக்கு எப்படி வரும் என்று சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையனைப் பார்த்து மாப்பிள்ளை பேசுகிற மாதிரி.

அன்று ஒன்பது பிரெஞ்சு நடுவர்களின் மார்க்கைக் கூட்டிப் பார்த்தபோது முதலிடம் பிடித்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப், 1973. அந்தப் பத்தில் அதுதான் ஆகக் குட்டி. மூன்று வயதுகூட நிறையவில்லை. அதைத் தந்த கொடிகளும் நட்டு மூன்று வருடமே ஆனவை. தயாரித்த வாரன் வினியார்ஸ்கி சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவிட்டு, குடும்பத்தோடு நாபா பள்ளத்தாக்குக்குக் குடியேறியவர். இரண்டாமிடம் மூத்தோன் ரோத்ஷில்ட், 1970. போர்தோவின் உச்சப் பட்டியலில் அப்போதுதான், 1973-ல், சேர்க்கப்பட்ட மகாராஜா அது.

இருவரின் சராசரியும் 20-க்கு 14-ஐ ஒட்டித்தான். மயிரிழை வித்தியாசம். இன்னொரு நாள், இன்னொரு வரிசையில் ஊற்றியிருந்தால் மாறியிருக்கலாம். ஒரே ஒயினுக்கு ஒருவர் அள்ளிக் கொடுத்ததும் இன்னொருவர் கிள்ளிக் கொடுத்ததும் நடந்தது. ஆகவே ‘பிரான்ஸ் தோற்றது’ என்று முழங்குவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் லேபிளை மறைத்தபிறகு நிபுணர்களாலேயே ஊரைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பது நிஜம். அங்கே இருந்த ஒரே பத்திரிகை நிருபர் டைம் இதழின் ஜார்ஜ் டேபர். அவர் எழுதியதால்தான் சேதி உலகத்துக்குத் தெரிந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். எங்கள் ஒயின் மெதுவாக முதிரும் ஜாதி. இப்போதே ருசி பார்த்தது அநியாயம். காலம் போகட்டும், கலிபோர்னியா வாடிவிடும், போர்தோ நிற்கும் என்றார்கள். நியாயமான வாதம்தான். பெரிய போர்தோ ஒயினை ஆறாவது வயதில் திறப்பது அவசரம் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

சொன்னபடியே காலம் போனது. 2006-ல், முப்பதாவது ஆண்டில், அதே பத்து சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் திறந்தார்கள். ஸ்பரியரும் இருந்தார். இரண்டு ஊர் மார்க்கையும் சேர்த்தபோது முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே. ஸ்டாக்ஸ் லீப் இரண்டாவது. மூத்தோன் ஆறாவது. முதலிடம், 1976-ல் ஐந்தாவதாக வந்த ரிட்ஜ் மான்டே பெல்லோ, 1971.